மைனஸ் முப்பத்துநாலில் மட்டும் ஓடும் கணினி

வெர்னா ரெம்பெல் தேநீருக்குக் கெட்டிலைப் போட்டாள். பக்கத்து அறையில் அவள் கணவர் ஏப்ரமின் கணினி செத்துப்போனது.

“வெர்னா!”

“என்ன?”

“இப்ப எதைப் போட்ட?”

“கெட்டில். தண்ணி தானா கொதிக்குமா?”

“ஆறாவது பிளாப்பிக்கு வந்துட்டேன். ஆறாவது! இப்ப மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

“ஆரம்பி. டீ குடிச்சிட்டு ஆரம்பி. ஆனா இப்ப டீயும் இல்ல. பியூஸ் போயிடுச்சு.”

அது தொண்ணூற்றாறாம் வருஷத்து ஜனவரி. ஒரு புதுக் கணினிக்குள் உயிரை ஏற்ற அப்போது மென்பொருள் அடங்கிய பதினாறு பிளாப்பி வட்டுகள் வேண்டியிருந்தன. ஒன்றை அதன் வாயில் தள்ளிவிட்டு, உள்ளே கரகரவென்று மென்று முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ‘அடுத்தது’ என்று திரையில் கேட்டதும் அடுத்ததைத் தள்ள வேண்டும். குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி வேலை. நடுவில் மின்சாரம் போனால், தின்றதையெல்லாம் மறந்துவிட்டு முதல் பிளாப்பியைக் கேட்கும். கடைக்காரர்களே அதைச் செய்து கொடுப்பார்கள்தான். ஏப்ரம் ரெம்பெல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“ஒண்ணொண்ணா உள்ளே தள்றதுக்கு ஒரு ஆளா? நான் ஒரு நாளைக்கு எட்டாயிரம் கடிதம் தள்ளினவன்.”

உண்மைதான். கனடாவில், சாஸ்கடூன் தபால் நிலையத்தின் பிரிப்பு அறையில் முப்பத்துநாலு வருஷம் நின்று வேலை பார்த்தவர். உலகத்தின் எந்த மூலைக்குப் போகும் கடிதமும் அவர் விரல் வழியாகத்தான் போனது. ஆனால் அவர் தம் வாழ்நாளில் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. மகள் லோயிஸ் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஜப்பானுக்குப் போன இந்த இரண்டு வருஷங்களில், ஞாயிற்றுக்கிழமைதோறும் வெர்னாதான் நாலு பக்கம் எழுதுவாள். கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு விரற்கடை இடம் விட்டு அவர் முன்னால் நீட்டுவாள். அவர் ‘அப்பா’ என்று எழுதுவார். ஒரு தடவை மட்டும் மனம் பொங்கி, ‘இன்று மைனஸ் 31’ என்றும் சேர்த்து எழுதினார்.

தொலைபேசியிலும் அதே கதைதான்.

“அப்பா, எப்படி இருக்கீங்க?”

“மைனஸ் இருபத்தாறு. காத்து வேற.”

“இங்க மழைப்பா.”

“ம். மழையா. சரி, அம்மாகிட்ட குடுக்குறேன்.”

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் புத்தாண்டு முடிந்த மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது. உறைமேல் அவர் பெயர் மட்டும் இருந்தது, வெர்னா பெயர் இல்லை. அவர் அதைக் குளியலறைக்குள் எடுத்துப்போய்ப் படித்தார்.

‘அப்பா, பிப்ரவரி முடிவதற்குள் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட வேண்டும். இன்னொரு வருஷம் இங்கே இருப்பேனா, ஊருக்குத் திரும்பிவிடுவேனா என்று. அம்மா நினைப்பது எனக்குத் தெரியும். அதை நாலு பக்கத்தில் எழுதிவிட்டாள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஆசிரியர் அறையில் ஒரு கணினி வைத்திருக்கிறார்கள். கீழே இருக்கிற மின்னஞ்சல் முகவரிக்கு நீங்கள் எழுதினால் ஒரே நிமிஷத்தில் எனக்கு வந்துவிடும். பக்கத்தில் நின்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.’

அடுத்த வாரம் அவர் காரை விற்றார். கணினி வாங்கினார்.

“ஒரு தாள்ல எழுதிப் போடக் கூடாதா?” என்றாள் வெர்னா, எரிந்துபோன பியூஸைக் கையில் வைத்துக்கொண்டு.

“ரே இன்னும் தபால் ஆபீஸ்லதான் வேலை பார்க்கிறான். வால்ட்டும் அங்கதான். என் கையெழுத்து அவங்களுக்குத் தெரியும்.”

“உறைக்குள்ள இருக்கிறதை அவங்க எப்படிப் பார்ப்பாங்க?”

“பார்க்க மாட்டாங்க. ஆனா தெரிஞ்சுடும்.”

 வெர்னா பியூஸ் வாங்கக் கடைக்குக் கிளம்பினாள்.

கணினியை லோயிஸின் பழைய அறையில் வைத்திருந்தார்கள். அந்த அறைக்கும் சமையலறைக்கும் சேர்த்து ஒரே ஒரு பியூஸ். கெட்டில் போட்டாலும் போச்சு, டோஸ்டர் போட்டாலும் போச்சு. இதற்கு வழி சொன்னவர் எதிர்வீட்டு ஸ்டான் கொவால்சுக். நாற்பது வருஷம் டிவி ரிப்பேர் செய்தவர். எந்தச் சாதனத்தைப் பார்த்தாலும் முதலில் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

“யோவ் ஏப்ரம், உன் கார்தான் போயிடுச்சே. உன் கார் நிக்கிற இடத்துல ஒன்பதாம் நம்பர் கம்பம் சும்மாதானே நிக்குது?”

குளிர்காலத்தில் எங்கள் ஊர்க் கார்களுக்கு முன்பக்கம் ஒரு வயர் தொங்கும். அதை ராத்திரி முழுக்கக் கம்பத்தில் சொருகி எஞ்சினுக்குச் சூடு காட்டினால்தான் காலையில் வண்டி உயிரோடு எழுந்திருக்கும். அதனால் ஒவ்வொரு கட்டடத்தின் பின்னாலும், ஒரு காருக்கு ஒரு கம்பம், ஒரு கம்பத்துக்கு ஒரு பிளக் என்று வரிசையாக நிற்கும்.

“அதுலேருந்து ஒரு வயரை இழுத்து ஜன்னல் வழியா விட்டா, கணினிக்குத் தனி கரண்டு. வெர்னா பத்துக் கெட்டில் போடட்டுமே.”

“வாடகையோட அதுக்கும் சேர்த்துத்தானே குடுத்துட்டிருக்கேன்” என்றார் ஏப்ரம். அவர் முகம் மலர்ந்தது. வீணாகப் போகும் ஒன்று வீணாகாமல் போனால், ரெம்பெல் குடும்பத்தில் அது கிட்டத்தட்ட ஜெபம் கேட்கப்பட்ட மாதிரி.

ஆரஞ்சு நிற வயர் ஒன்று பனிமேல் ஓடி, சுவரேறி, ஜன்னல் இடுக்கு வழியாக லோயிஸின் அறைக்குள் வந்தது. வெர்னா கெட்டிலைப் போட்டாள். கணினி அணையவில்லை. மூவரும் கைதட்டினார்கள்.

நாலாவது பிளாப்பியில் திரை கறுத்தது.

“நான் எதையும் தொடல!” என்று சமையலறையிலிருந்து வெர்னா கத்தினாள்.

ஸ்டான் கணினியின் தலையில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். “பிளக்கைச் சோதிக்கணும். என் வீட்டுலேருந்து ஒரு விளக்கு எடுத்துட்டு வர்றேன்.”

விளக்கு எடுக்கப் போனவர் பல்பைத் தேடினார். பல்பைத் தேடியவர் திரும்பி வரும்போது வெர்னா அடுப்பிலிருந்து ப்ளம் பழம் வைத்த ப்ளாட்ஸ் கேக்கை வெளியே எடுத்தாள். அதை ஆற வைத்துச் சாப்பிடுவது பாவம். இரண்டு துண்டு முடிந்தபின் ஸ்டான் வாயைத் துடைத்துக்கொண்டு அறைக்குப் போய் விளக்கை அந்த ஆரஞ்சு வயரில் சொருகினார். பளிச்சென்று எரிந்தது.

“பிளக்குல ஒரு குறையும் இல்ல” என்றார். “உன் பெட்டிலதான் கோளாறு.”

பெட்டியை மறுபடி சொருகினார்கள். ஒன்றுமே நடக்காததுபோல் விழித்துக்கொண்டு முதல் பிளாப்பியைக் கேட்டது. கொடுத்தார்கள். மறுபடியும் நாலில் செத்தது. இந்தத் தடவை அவர்கள் அதைத் தொடாமல் விட்டுவிட்டு டிவியில், பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிடும் கர்லிங் ஆட்டம் பார்த்தார்கள். ஆட்டத்தின் நடுவே உள்ளேயிருந்து கர்ரென்று சத்தம். கணினி தானாகவே எழுந்து உட்கார்ந்திருந்தது.

ஸ்டான் தொடையில் அடித்துக்கொண்டார். “சூடு! சூடேறினா படுத்துக்குது, ஓய்வெடுத்துட்டுத் தானா எழுந்துக்குது. பழைய பிக்சர் டியூப் டிவி எல்லாம் இப்படித்தான். இதைக் கண்டுபிடிக்க நாற்பது வருஷ அனுபவம் வேணும்யா.”

ஏப்ரம் எழுந்து சமையலறைக்குப் போனார். சமையலறைச் சுவரில் கூட்டுறவுக் கடை கொடுத்த காலண்டர் தொங்கியது. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் அன்றன்றைய குளிரை எழுதி வைப்பது அவருடைய இருபது வருஷப் பழக்கம். அன்றைய கட்டத்தில் ‘மைனஸ் 12’ என்று இருந்தது. பக்கத்தில் சின்னதாக ‘4’ என்று எழுதினார்.

மறுநாள் மைனஸ் 17. எட்டாவது பிளாப்பிவரை போய்ச் செத்தது.

அவர் அந்த இரண்டு கட்டங்களையும் பார்த்துக்கொண்டே நின்றார். வாழ்நாள் முழுக்கக் குளிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மனிதருக்கு, குளிர் முதல்முறையாகப் பதில் சொல்லியிருந்தது.

“வெர்னா, இங்க வா. குளிர் கூடக் கூட பிளாப்பி கூடுது!”

“கூடட்டும். உன் கஞ்சி ஆறிட்டிருக்கு.”

“புரியலையா? ஸ்டான் சொன்னது சரி. அது சூடு தாங்காத மிஷின். வெளியே குளிர் ஏறினா அந்த அறையும் கொஞ்சம் குளிருது, அதான் ஓடுது. ஜன்னலைத் திறந்து விட்டா?”

“ஏப்ரம், இது ஜனவரி.”

“அதனாலதான் சொல்றேன்.”

ஜன்னலைத் திறந்தார்கள். அறைக் கதவைச் சாத்தி, குளிர் வீட்டுக்குள் வராதபடி அடியில் துண்டைச் சுருட்டி வைத்தாள் வெர்னா. அறையிலிருந்த ஜெரேனியம் செடியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் வைத்தாள். அன்று மைனஸ் 21. தடித்த மேல்கோட்டு, காதை மூடிய தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு இரண்டு கிழவர்களும் ஒரு படுக்கையறையில் மேசைமுன் உட்கார்ந்து, வாயிலிருந்து புகை விட்டபடி பிளாப்பி தள்ளினார்கள்.

“பத்து” என்றார் ஸ்டான். பல் கிடுகிடுத்தது.

“பத்து போச்சு. பதினொண்ணு.”

“இதுக்கு முன்னால இவ்வளவு தூரம் யாரும் வந்ததில்லய்யா, ஏப்ரம். வட துருவத்துக்குப் போறவங்க மாதிரி இருக்கு.”

பதினொன்றில் செத்தது. ஆனால் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். காலண்டரில் 21-க்குப் பக்கத்தில் 11 ஏறியது.

அன்று சாயங்காலம், கணினி ஓய்வெடுக்கும் நேரத்தில், ஏப்ரம் தனியாக அந்த அறையில் நின்றார். சாய்ந்த வெளிச்சத்தில் கண்ணாடியின் உறைபனி இறகு இறகாக மின்னியது. லோயிஸுக்கு ஏழு வயசு இருக்கும்போது இதே கண்ணாடியில் விரல் நகத்தால் எழுதுவாள். வெளியே நிற்பவர் படிக்கும்படி எழுத்துகளை இடம் வலமாக மாற்றி எழுத எங்கே கற்றாளோ தெரியாது. வேலை முடிந்து விடியற்காலையில் பனியில் நடந்து வரும்போது, கட்டடம் முழுக்கக் கறுத்த ஜன்னல்களுக்கு நடுவில் அந்த ஒன்றில் மட்டும் ஏதாவது எழுதியிருக்கும். ‘அப்பா, எனக்குப் பல் விழுந்தது.’ ‘அப்பா, ரொட்டியில் வெல்லப்பாகு வைத்திருக்கிறேன்.’ அத்தனை கடிதங்களைக் கையால் தொட்ட மனிதருக்கு, அவருக்கென்றே வந்த கடிதங்கள் அவைதான். ஒன்றுக்கும் அவர் பதில் எழுதியதில்லை. காலையில் வெயில் வந்ததும் அவை வழிந்து போய்விடும்.

அந்த வாரக் கடைசியில் பெருங்குளிர் வந்து இறங்கியது. பேருந்துகள் நின்றன. பள்ளிகளை மூடினார்கள். வானொலியில் யாரும் வெளியே வர வேண்டாம் என்றார்கள். மைனஸ் 34. ஏப்ரம் கைகளைத் தேய்த்துக்கொண்டு, “நல்ல நாள்” என்றார்.

வெர்னா கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். “கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இப்படிச் சொல்லல.”

ஜன்னலை முழுக்கத் திறந்தார்கள். கணினி பறந்தது. ஐந்து, ஏழு, ஒன்பது. பதினொன்றைத் தாண்டியபோது ஸ்டான் தொப்பியைக் கழற்றி வணங்கினார். பன்னிரண்டு. ஏப்ரம் கையுறையோடு பதின்மூன்றாவதை எடுத்து வாயில் தள்ளினார். கணினி மென்றது. மென்றுவிட்டு, இதைப் படிக்க முடியவில்லை என்றது.

“பிளாப்பியை எங்கய்யா வச்சிருந்த?” என்றார் ஸ்டான்.

“ஜன்னல் விளிம்புல. பெட்டியைத் திறந்து வச்சேன். அதுக்கும் குளிர்ச்சியா இருக்கட்டும்னுதான்.”

திறந்த பெட்டிக்குள் பனித்தூள் பொடிச் சர்க்கரைபோல் கிடந்தது. மேலே இருந்த பதின்மூன்றாவது மட்டும் நனைந்திருந்தது.

“ஈரம்தானே, தானா காயும். விடுங்க” என்றாள் வெர்னா.

“காயற வரைக்கும் குளிர் நிக்குமா?” என்றார் ஏப்ரம்.

ஸ்டான் வெர்னாவின் தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்தார். அதிக சூட்டில் வைத்து இரண்டு நிமிஷம் காட்டினார். பிளாப்பி காய்ந்தது. வாடிய இலைபோல் நெளிந்தும் போனது.

மூவரும் அதைச் சுற்றி நின்றார்கள்.

“நாற்பது வருஷ அனுபவம்” என்றாள் வெர்னா.

கடைக்குத் தொலைபேசி செய்தார்கள். ஒற்றைப் பிளாப்பி தங்களிடம் இல்லை என்றும், டொராண்டோவிலிருந்து தபாலில் வரும் என்றும் சொன்னார்கள். சரக்குத் தீர்ந்திருக்கிறது, கொஞ்சம் தாமதமாகும் என்றும் சொன்னார்கள். மைனஸ் 34 ஒன்றரை வாரம் நின்றது. அத்தனை நாளும் ஏப்ரம் பனிக்காற்று அடிக்கும் அறையில் போய், அருமையாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் முன் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். அது பதின்மூன்றாவதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம்கூடச் சாகவில்லை.

பிப்ரவரி நடுவில் குளிர் தளர்ந்தது. மைனஸ் 20, 16, 13. ஊரே பெருமூச்சு விட்டது. தபால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பேருந்து ஓட்டுநர் எல்லோரும் அவரைப் பார்த்து, “நல்ல நாள் இல்ல?” என்றார்கள். ஏப்ரம் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

இருபத்தேழாம் தேதி பிளாப்பி வந்தது. அன்று மைனஸ் 9. கணினி பத்து நிமிஷம் விழித்திருந்தால் அரை மணி நேரம் தூங்கியது. மூன்றாவது பிளாப்பியைத் தாண்டவில்லை.

இருபத்தெட்டாம் தேதி வெர்னா வெப்பமானியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். ஏப்ரம் தானே போய்ப் பார்த்தார். பூஜ்யத்துக்கு மேல் இரண்டு. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு காகம் கத்தியது. கணினி பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது.

“இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்க இருபத்தொன்பதாம் தேதி காலை எட்டு” என்றார் ஏப்ரம். “எட்டரைக்கு அவ பள்ளிக்கூடம் போயிடுவா. போனதும் சொல்லிடணும்.”

“இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு” என்றார் ஸ்டான். “ஐஸ்கிரீம் வாளி எத்தனை இருக்கு வெர்னா?”

எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் பத்துப் பதினைந்து காலி ஐஸ்கிரீம் வாளிகள் இருக்கும். வெர்னாவிடம் இருபத்திரண்டு இருந்தன. கட்டடத்தின் நிழற்பக்கம் உருகாமல் கிடந்த பனியை இருவரும் வாளி வாளியாக அள்ளி வந்து கணினியைச் சுற்றி அடுக்கினார்கள். மேசையே இக்லூபோல் ஆனது. அரை மணி நேரம் காத்திருந்தார்கள். கணினி எழவில்லை. பனிதான் உருகித் தரைவிரிப்பில் ஓடியது.

“இது போதாது” என்றார் ஏப்ரம். “மைனஸ் இருபதாவது வேணும்.”

மூவரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். தரைக்கு அடியில், நிலவறையில், ரெம்பெல் குடும்பத்தின் ஃப்ரீசர் பெட்டி இருந்தது.

“முடியாது” என்றாள் வெர்னா.

“ஒரே ஒரு மணி நேரம்.”

“அதுல முந்நூறு வெரனிக்கே கொழுக்கட்டை இருக்கு, ஏப்ரம். நானும் உன் தங்கச்சியும் ரெண்டு நாள் உக்காந்து மடிச்சது.”

“ஓரமா நகர்த்திக்கலாம்.”

 வெர்னா அவர் முகத்தைப் பார்த்தாள்.  பிறகு குளியல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கணினிப் பெட்டியைச் சுற்றிக் கொடுத்தாள். “சாசேஜ் மேல வைக்காதீங்க. வாசனை போகாது.”

படியில் ஸ்டான் முன்னால், ஏப்ரம் பின்னால். நோயாளியை இறக்குவதுபோல் இறக்கினார்கள். வெரனிக்கே பைகளுக்கும் உறைந்த மக்காச்சோளத்துக்கும் நடுவில் படுக்க வைத்து மூடினார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கி வந்தபோது, அதன் உடம்பு முழுக்க வெள்ளை முடி முளைத்திருந்தது. ஓட்டமாக வந்து, ஆரஞ்சு வயரில் சொருகி, பொத்தானை அழுத்தினார் ஏப்ரம்.

ஒன்றுமில்லை.

மறுபடி அழுத்தினார். ஸ்டான் அதன் தலையில் தட்டினார். வெள்ளை முடி தண்ணீராகி, பிளாப்பியின் வாய் வழியாகச் சொட்டத் தொடங்கியது.

“எச்சில் வடிக்குதுய்யா” என்றார் ஸ்டான் மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை. அவர் தம் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம். ஏப்ரம் மகளுடைய கட்டிலில், கோட்டும் தொப்பியுமாக, ஈரக் கையுறையோடு உட்கார்ந்திருந்தார். வெர்னா நீள வயர் கொண்ட தொலைபேசியை இழுத்துக்கொண்டு வந்தாள். எண்களைச் சுழற்றினாள். மணி போகும் சத்தம் கேட்டதும் அதை அவர் கையில் வைத்தாள்.

“நான் என்னத்தைப் பேசுவேன்?”

“உனக்குத் தெரிஞ்சதைப் பேசு” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

“ஹலோ? அம்மாவா?”

“நான்தான்.”

“அப்பா! எப்படி இருக்கீங்க?”

“பூஜ்யத்துக்கு மேல ரெண்டு” என்றார் அவர். 

“நல்லதுதானேப்பா?”

“என்ன நல்லது? நாசம்! சர்வ நாசம்! எல்லாரும் நல்ல நாள், நல்ல நாள்ங்கிறான். ரெண்டு டிகிரி! மைனஸ் முப்பத்துநாலு இருந்தா இந்நேரம் உனக்கு எழுதி முடிச்சிருப்பேன்.”

“மைனஸ் முப்பத்துநாலுக்கும் எழுதறதுக்கும் என்னப்பா சம்பந்தம்?”

அவர் சொன்னார். கெட்டிலிலிருந்து ஆரம்பித்தார். காலண்டர், ஜன்னல், பதின்மூன்றாவது பிளாப்பி, தலைமுடி உலர்த்தி, இருபத்திரண்டு வாளி. ஃப்ரீசருக்கு வந்தபோது மறுமுனையில் ஏதோ கீழே விழுந்தது. லோயிஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிச் சிரித்தாள். “வெரனிக்கே பக்கத்துலயா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு, இந்த அறையில் கடைசியாகக் கேட்டபோது இருந்த அதே சிரிப்பு. ஏப்ரமுக்கும் சிரிப்பு வந்தது. எதற்குத் தொலைபேசியை இவ்வளவு நாள் கொள்ளிக்கட்டை மாதிரி பிடித்தோம் என்று அவருக்கே புரியவில்லை.

சிரிப்பு அடங்கியது. 

“அப்பா.”

“ம்.”

“அதுல என்ன எழுதறதா இருந்தீங்க?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். திரைச்சீலை ஈரக் காற்றில் ஆடியது.

“உன் அறை ஜன்னல் ஒரு மாசமா திறந்தே கிடக்கு” என்றார். “வந்து சாத்து.”

 மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“ஆகஸ்ட் வரைக்கும் திறந்தே இருக்கட்டும்பா. வந்து சாத்துறேன். இப்பவே போய்ப் பள்ளிக்கூடத்துல சொல்லிடறேன்.”

“சரி” என்றார். ‘அம்மாகிட்ட குடுக்குறேன்’ என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, “அங்க மழை எப்படி?” என்று கேட்டார். அதன் பிறகு இன்னும் பத்து நிமிஷம் பேசினார்கள்.

தொலைபேசியை வைத்தபோது, கதவுக்கு வெளியே துண்டைச் சுருட்டுகிற சாக்கில் வெர்னா முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவர் அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். இருவரும் அறைக்குள் வந்து, சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்த கணினியைப் பார்த்தார்கள்.

“பாவம்” என்றாள் வெர்னா. “நம்ம ஊர் வெயில் அதுக்கு ஒத்துக்கல.”

“வடக்கே எங்கயாவது பிறந்திருக்க வேண்டியது” என்றார் ஏப்ரம்.

அப்போது திறந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை தெரிந்தது. கட்டடத்தைப் பராமரிக்கும் டார்லீன். கையில் சாவிக்கொத்து. மற்றொரு கையில் ஆரஞ்சு வயர்.

“மிஸ்டர் ரெம்பெல், இது உங்களோடதா? பனி உருகுது, தண்ணியில கிடக்கு. கழட்டிச் சுருட்டிடட்டுமா?”

“ஐயோ, அதைக் கழட்டாதம்மா! கணினிக்கு அதுலேருந்துதான் கரண்டு வருது.”

டார்லீன் வயரைப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள். அதன் கீழே குளம் கட்டி நின்ற தண்ணீரையும், இருபத்திரண்டு வாளிகளையும், கோட்டும் தொப்பியுமாக நிற்கும் மனிதரையும் பார்த்தாள்.

“கார் கம்பத்துலேருந்தா? சிக்கனத்துக்காக இந்த வருஷம் அதுல புது சுவிட்ச் மாட்டியிருக்கோமே, மிஸ்டர் ரெம்பெல். குளிர் ஏற ஏறத்தான் அதிக நேரம் கரண்டு விடும், குறைஞ்சா விட்டு விட்டு வரும், குளிர் விட்டா நிறுத்திடும்.”